மேற்கு எல்லை ரயில் நிலையம்

1

"தங்கச்சி, என் வீடு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறதாம். வக்கீல் சொல்கிறார்."

ஆரோக்கியசாமி அண்ணனின் ஏர் மெயில் கடிதம் இப்படித்தான் தொடங்கியது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் கடைசியில் ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் வீட்டை விற்றுவிட்டு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து தவிர அவர் எதுவும் எழுதியதில்லை.

விஷயம் இதுதான். அண்ணன் தம் வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் மகனோடு போய் இருக்க நினைத்திருக்கிறார். வாங்க வந்தவர் ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருக்கிறார். வக்கீல் அண்ணனின் பத்திரத்தைப் பார்த்ததோடு நிற்காமல் பக்கத்து வீட்டுப் பத்திரத்தையும், அதாவது நாங்கள் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தையும், நகலெடுத்துப் படித்திருக்கிறார். அந்தப் பத்திரப்படி நாங்கள் விற்ற சொத்தின் மேற்கு எல்லை தாம்பரம் ரயில் நிலையம் வரைக்கும் போகிறது. நடுவில் அண்ணனின் வீடு, இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகள், ஒரு மாவு மில், ஒரு பிள்ளையார் கோயில். எல்லாவற்றையும் நாங்கள் விற்றிருக்கிறோம்.

"நீங்களும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு, அங்கே நம் தூதரகத்தில் முத்திரை வாங்கி, பிழைதிருத்தல் பத்திரத்தை அனுப்பினால்தான் நான் என் வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆவேன். சீக்கிரம்" என்று முடித்திருந்தார்.

என் மகள் ஷீலாவுக்குப் பதின்மூன்று வயது. தாம்பரத்தை விட்டு வரும்போது நான்கு. தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கடிதத்தை நான் வாசித்துக் காட்டியதும், "அப்படியென்றால் நாம் ஒரு ரயில் நிலையத்தையே விற்றுவிட்டோமா?" என்று கேட்டாள். இல்லையம்மா, நிலையம் எல்லைதான், அதுவரைக்கும்தான் விற்றோம் என்றேன். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் போய் எப்படிச் சொன்னாளோ தெரியாது. வெள்ளிக்கிழமை அவளுடைய ஆசிரியை என்னைப் பார்த்து, உங்கள் குடும்பம் இந்தியாவில் ரயில்வே நடத்தியதாமே என்று மரியாதையாகக் கேட்டார்.

ஸ்டேஷன் என்ற வார்த்தைக்கும் எனக்கும் இந்த நாட்டில் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. வந்த புதிதில், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையிடம், நாளை நான் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று லீவு கேட்டேன். நம் ஊரில் அப்படித்தானே கேட்போம். "எந்த ஸ்டேஷன்?" என்றார் அவர். எனக்கு விளங்கவில்லை. "எல்லா ஸ்டேஷனும்தான்" என்று சொல்லிவிட்டேன்.

2

அறுபதுகளில் தாம்பரத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் எத்தனை அறை என்று முதலில் கேட்க மாட்டார்கள். ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் என்பதுதான் முதல் கேள்வி. கிணற்றில் தண்ணீர் உண்டா என்பது இரண்டாவது. பீச்சுக்கும் எழும்பூருக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள்தானே அங்கே குடியேறின.

என் கணவர் சாலமன் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கடன் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்தனாருக்குக் கூடமாட நின்று அந்த வீட்டைக் கட்டினார். "ஸ்டேஷன் ஏழு நிமிஷம்" என்பது அவருக்கு வேதவாக்கு. எட்டு வருடமாக அதை உறவினர்களிடம் சொன்னார், அலுவலகத்தில் சொன்னார், ஒரு தடவை சர்ச்சில் அறிவிப்பு நேரத்தில்கூடச் சொன்னார். அவர் எப்படி நடக்கிறார் என்று நான் பார்த்ததில்லை. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் எதிர்த்திசையில், சேலையூர்ப் பக்கம்.

இங்கிலாந்தில் ஆசிரியர்கள் தேவை என்று கேள்விப்பட்டு நான்தான் விண்ணப்பம் போட்டேன். அங்கே வந்து வேலை பார்க்கலாம் என்று அனுமதிக்கும் வவுச்சர் வந்தது. ஆறு மாதத்துக்குத்தான் அது செல்லும். அதற்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும். வீட்டை விற்றால்தான் மூன்று பேருக்கும் பயணச் செலவு. சாலமன் மறுபேச்சு பேசவில்லை. அவரே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஏழு நிமிஷத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

இரண்டு மூன்று பேர் வந்து போனார்கள். வவுச்சருக்கு ஒன்பது வாரம் மீதி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விசுவநாதன் வந்தார். எழும்பூரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. ஒல்லியான மனிதர், கையில் குடை. கேட்டைத் திறக்காமல் வெளியே நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதிமூணு நிமிஷம் ஆயிருக்கு" என்றார்.

"யாருக்கு?" என்றார் சாலமன்.

"எனக்குத்தான் சார். விளம்பரத்தில ஏழுன்னு போட்டிருக்கீங்க."

"எட்டு வருஷமா நடக்கறேன். ஏழுதான்."

"அப்போ மிச்சம் ஆறு நிமிஷம் எங்க போச்சு?"

இருவரும் தெருவைத் திரும்பிப் பார்த்தார்கள், அந்த ஆறு நிமிஷம் அங்கே எங்காவது விழுந்து கிடப்பதுபோல. பிறகு விசுவநாதன் வீட்டுக்குள் காலே வைக்காமல் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வந்தார். இந்தத் தடவை பன்னிரண்டரை. உள்ளே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார், சமையலறையில் புகை போகிற வழியைப் பார்த்தார், காபி குடித்தார். "வீடு பிடிச்சிருக்கு. நிமிஷம்தான் ஒத்துவரல" என்றார்.

"நிமிஷத்தை விடுங்க சார். வேணும்னா விலையில பார்த்துக்கலாம்" என்றேன் நான்.

"விலையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே, டீச்சர். சரியான நிமிஷம் எதுன்னு கண்டுபிடிச்சு அதைப் பத்திரத்துல எழுதிக் குடுங்க. நாளைக்கே வாங்கிக்கறேன்."

சாலமன் முகம் சிவந்தது. "ஏழுன்னு எழுதறதா இருந்தா எழுதறேன். வேற எந்த நம்பருக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். எட்டு வருஷமா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

இதற்கு நடுவில் ஆரோக்கியசாமி அண்ணன் வேறு. அவர் வீடு எங்கள் வீட்டுக்கு மேற்கே, ஸ்டேஷனுக்கு ஒரு வீடு கிட்டத்தில். எப்போதாவது விற்கலாம் என்ற எண்ணத்தில் 'ஸ்டேஷனுக்கு ஆறு நிமிடம்' என்று ஒரு பலகை எழுதி வைத்திருந்தார். எங்கள் வீடு பன்னிரண்டு என்றாகிவிட்டால் அவர் வீடு பதினொன்றாகிவிடும். அதனால் அவரும் வழக்கில் சேர்ந்துகொண்டார்.

"முதல்ல ஸ்டேஷன்னா எது? அதைச் சொல்லுங்க" என்றார். "படிக்கட்டா, பிளாட்பாரமா, டிக்கெட் கவுண்டரா? சட்டப்படி பார்த்தா சிக்னலைத் தாண்டினாலே ஸ்டேஷன் எல்லைதான். அந்தக் கணக்குல நம்ம தெருவே பாதி ஸ்டேஷனுக்குள்ள இருக்கு."

"அப்ப வீடுன்னா எது?" என்றார் விசுவநாதன். "கேட்டா, வாசப்படியா, செருப்பு போடற இடமா?"

இப்படியே இரண்டு ஞாயிறு போனது. வவுச்சருக்கு ஆறு வாரம் இருந்தது.

3

கடைசியில் ஊரறிய நடந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வைத்துக்கொண்டோம். எங்கள் கேட்டிலிருந்து பிளாட்பாரம் வரை. இரண்டு கடிகாரங்களை ஒரே நேரத்துக்குத் திருப்பி வைத்து, ஒன்றை இந்த முனையிலும் மற்றொன்றை அந்த முனையிலும் வைத்துக்கொள்வது. ஆரோக்கியசாமி அண்ணன் பழைய பச்சைக் கொடியையும் விசிலையும் பெட்டியிலிருந்து எடுத்து வந்துவிட்டார். தெருவில் வேலையில்லாத எல்லோரும் நின்றார்கள்.

விசில் ஊதியதும் சாலமன் புறப்பட்டார். அவர் நடப்பதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாவு மில் வரைக்கும் தெரிந்தார். வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஏழு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் பிளாட்பாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச முடியாமல் நின்றாராம்.

"இது நடை இல்ல, ஓட்டம்" என்று விசுவநாதன் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்து அவரே நடந்தார். பதின்மூன்று. "வழியில நின்னு பிள்ளையாரைக் கும்பிட்டாராம். அதைக் கழிக்கணும்" என்றார் அண்ணன்.

"கோயிலைத் தாண்டிப் போறவன் கும்பிடாமயா போவான்?"

"நாங்க கும்பிடலியே!"

எல்லோருக்கும் பொதுவான ஒரு ஆள் வேண்டும், ரொம்ப வேகமும் இல்லாமல் ரொம்ப நிதானமும் இல்லாமல், என்று பேச்சு வந்தது. அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். "நம்ம லில்லி தங்கச்சி சராசரியான ஆள்தான்" என்றார். கூட்டமும் தலையாட்டியது. அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விசுவநாதன் ஒரு கடிகாரத்தோடு பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார். நான் கேட்டுக்கு வந்து நின்றேன். மறுபடி திரும்பி வந்திருந்த சாலமன் என் பக்கத்தில் வந்து, காதோடு சொன்னார்: "மெதுவாவே நட. அவசரமில்ல."

விசில் ஊதியது. நடந்தேன். நல்ல வெயில். வெயிலுக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று முதலில் நினைத்தேன். அண்ணன் வீட்டைத் தாண்டினேன். மாவு மில்லைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு, ஏழு என்று ஊரைக் கூட்டிச் சத்தியம் செய்த மனிதர் என்னை ஏன் மெதுவாக நடக்கச் சொல்ல வேண்டும்? நான் இருபது நிமிஷம் எடுத்தால் விசுவநாதன் போய்விடுவார். வீடு விற்காது. வவுச்சர் செத்துப் போகும். இத்தனை வாரமாக நடந்தது நிமிஷச் சண்டையே இல்லை.

எனக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. கோயிலருகில் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடப்பதுபோல நடந்தேன். படியேறிப் பிளாட்பாரத்தில் கால் வைத்தபோது விசுவநாதன் கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணு" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குழாய்ப் பக்கம் போனார்.

சாட்சிக்கென்று பின்னாலேயே வந்த சாலமன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வர இஷ்டமில்லையா?" என்றேன்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு வவுச்சர் வந்திருக்கு. எனக்கு என்ன வந்திருக்கு? அங்க வந்து யாரு கேட்டாலும் நான் லில்லியோட வீட்டுக்காரன்னு சொல்லிக்கிட்டு நிக்கணும்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. வேண்டாம்னா இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

"நீ கிழிச்சா அதுக்கும் நான்தானே காரணம்" என்றார்.

அதற்குமேல் என்ன பேசியிருப்போமோ தெரியாது. விசுவநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து எங்கள் முன்னால் நின்றார். எங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கச் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, சொல்லத் தொடங்கினார்.

"எங்க வீட்ல அவளுக்கு நெஞ்சு வியாதி, சார். ஒண்ணரை வருஷம் ஆஸ்பத்திரி. இப்ப தேவலை. இந்தப் பக்கத்துக் காத்து நல்லதுன்னு டாக்டர் சொன்னார்னு அஸ்தினாபுரத்துல வாடகைக்கு வந்தோம். ஸ்டேஷன் பத்து நிமிஷம்னான் வீட்டுக்காரன். இருபத்தஞ்சு ஆகுது. ஆறு மணிக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போவேன். ஆறு அடிச்சுதுன்னா அவ தெருவுல வந்து நின்னுடுவா. மழை பெஞ்சாலும் நிப்பா. எனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு அவளுக்குப் பயம். பகல் பூரா தனியா இருக்கறவ." கடிகாரத்தின் மூடியைத் துடைத்தார். "அவகிட்ட ஒரு நேரம் சொல்லணும். அது நிஜமா இருக்கணும். வேற ஒண்ணுமில்ல."

மின்சார ரயில் ஒன்று வந்து நின்று, இறங்குகிறவர்களை இறக்கிவிட்டுக் காலியாக நின்றது. சாலமன் எழுந்தார்.

"பதினொண்ணுன்னே எழுதிக்கங்க, சார்" என்றார்.

அப்போதுதான் கொடியும் கையுமாக வந்து சேர்ந்த ஆரோக்கியசாமி அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்குப் பத்தா?" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

4

பத்திரம் எழுதுவதற்குப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் இருந்த கன்னியப்பனிடம் போனோம். அவர் நிமிஷத்தைத் தனி ஷரத்தாக எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் இருந்தவர் அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அடி இருக்கு, கெஜம் இருக்கு, சென்ட் இருக்கு. நிமிஷம் எந்த வாய்ப்பாட்டுல இருக்கு?" என்று கேட்டாராம்.

விசுவநாதன் பிடிவாதமாக நின்றார். எழுதாவிட்டால் வாங்குவதில்லை.

கன்னியப்பன் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார். "இன்னாத்துக்கு சார் இம்மாம் பேஜாரு? நாலு பக்கமும் எல்லைன்னு ஒண்ணு எழுதியே ஆவணும். அதுல எவனும் கை வைக்க மாட்டான். உன் வூட்டுக்கு மேற்கால இன்னா கீது?"

"இவர் வீடு" என்று ஆரோக்கியசாமி அண்ணனைக் காட்டினார் சாலமன்.

"அதுக்கும் அப்பால?"

"ஸ்டேஷன்."

"அவ்ளோதான். முடிஞ்சுது."

எழுதி நீட்டினார். 'மேற்கில் ஆரோக்கியசாமி வீடு உட்பட பதினோரு நிமிட நடை தூரத்தில் உள்ள ரயில் நிலயம்.' நாங்கள் நான்கு பேரும் படித்தோம். நான் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தவள். 'நிலயம்' என்பதை 'நிலையம்' என்று திருத்திக் கொடுத்தேன். 'உட்பட' என் கண்ணில் படவில்லை. 'தாண்டி' என்று எழுதியிருக்க வேண்டியதை அந்த மனிதர் 'உட்பட' என்று எழுதிவிட்டார். அண்ணன் தம் பெயர் பத்திரத்தில் வந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். தம் வீடு தம் கையை விட்டுப் போவதற்கு அவரே சாட்சி.

பதிவு ஆயிற்று. வவுச்சர் முடிய எட்டு நாள் இருக்கும்போது நாங்கள் இங்கே வந்து இறங்கினோம்.

5

தூதரக அலுவலகத்துக்குப் போன செவ்வாய்க்கிழமை போனோம். சாலமன் இங்கே தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருக்கிறார். முதல் வருடத்தில் யாராவது கேட்டால், அவர் பயந்த மாதிரியே, லில்லியின் வீட்டுக்காரன் என்றுதான் சொன்னார். பிறகு அவருடைய அலுவலகத்தில் நான் சாலமனின் மனைவி ஆனேன். அப்படி ஒருவாறு சரியாயிற்று.

அங்கிருந்த அதிகாரி இளைஞர், வடக்கத்திக்காரர். வக்கீல் எழுதி அனுப்பியிருந்த பிழைதிருத்தல் பத்திரம் தமிழில் இருந்ததால், கையெழுத்துப் போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போடுகிறோம் என்றேன். ஏன் என்றார். அதைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்ல வேண்டும், இதைச் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்ல வேண்டும் என்று போய், விசில், பச்சைக் கொடி, பிள்ளையார் வரைக்கும் வந்துவிட்டேன். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு சர்தார்ஜி, "அப்புறம்?" என்று கேட்டார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சரி, உண்மையில் எத்தனை நிமிடம்?"

நான் சாலமனைப் பார்த்தேன்.

"லெவன்" என்றார் அவர். பிறகு நியாயம் வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, "நடந்தால்" என்று சேர்த்துக்கொண்டார்.

கடைசிப் பத்தியை வாசித்தபோதுதான் சிக்கல் வந்தது. 'மேற்படி சொத்தில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் இல்லை என்று உறுதி கூறுகிறோம்.' சாலமன் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, இதை எடுக்க முடியுமா என்று கேட்டார்.

"நீங்கள்தான் ஒன்பது வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டீர்களே?" என்றார் அதிகாரி.

"விற்றேன். இல்லை என்று சொல்லவில்லை. 'எவ்வித' என்று இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். அந்தச் சமையலறைச் சுவருக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினேன். சாலமன் வாங்கவில்லை. ஐந்து நிமிடம் வெளியே போய்விட்டு வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். வராந்தாவில் போய் ஜன்னலருகே நின்றார். நான் போகவில்லை. சர்தார்ஜியைக்கூட முன்னால் விட்டேன். பிறகு அவரே வந்து, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆரோக்கியசாமி அண்ணனின் கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. விசுவநாதனின் மனைவி இப்போது நன்றாக இருக்கிறாராம். சாயங்காலம் வாசலில் நிற்பதெல்லாம் நின்று வெகு நாளாயிற்று. தெருப் பெண்களைச் சேர்த்துத் தையல் வகுப்பு நடத்துகிறாராம். வீட்டுக்குத் திரும்ப ஏழு மணி, ஏழரை. பூட்டிய கதவுக்கு முன்னால் விசுவநாதன்தான் குடையோடு நிற்கிறார். இதைத் தூதரகத்திலிருந்து ரயிலில் திரும்பி வரும்போது சாலமனுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எதிரில் இருந்த வெள்ளைக்காரர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

இங்கே நாங்கள் இருப்பது இன்னும் வாடகை வீடுதான். கையில் பணம் சேர்ந்த பிறகும், வீடு பார்க்கலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம் சாலமன் பேச்சை மாற்றிவிடுவார். எங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் வீடு விற்றுக் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் வீடுகளின் படங்களை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். அன்றைக்கு அந்தக் கடையைத் தாண்டிப் பத்தடி போன பிறகுதான் அவர் என் பக்கத்தில் இல்லை என்று கவனித்தேன். திரும்பி வந்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படத்துக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"பாரு, சமையல்கட்டு வடக்கு பார்த்து இருக்கு. வெயிலே வராது" என்றார்.

அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

"இது பரவாயில்ல. ஆனா மாடிப்படி ரொம்ப செங்குத்து. வயசானா ஏற முடியாது. இவன் தோட்டத்துல சுவர் வைக்காம விட்டிருக்கான் பாரு."

வாங்கும் எண்ணமில்லாதவர்கள் ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குறை சொல்கிறவர்கள் வேறு. கையில் இருந்த பையை நடைபாதையில் கீழே வைத்தேன். இன்னும் இரண்டு வரிசைப் படங்கள் பாக்கி இருந்தன.